நர்சிங் படிக்க விரும்புவோருக்கு: படிப்பையும் கல்லூரியையும் பணிப்பாதையையும் தேர்ந்தெடுக்கும் முறை

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் நர்சிங் பற்றி விசாரிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்றுதான் கேட்கின்றன. அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. இந்த வேலை அன்றாடம் எப்படி இருக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியுமா? அரசுப் பணி, தனியார் மருத்துவமனை, கிராமப்புறப் பொதுச் சுகாதாரம், ஆசிரியப் பணி, வெளிநாடு ஆகிய பாதைகளில் எதை நோக்கிச் செல்ல விருப்பம் என்று வீட்டில் பேசியாயிற்றா? இவற்றுக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டால், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் படிக்கப்போகும் மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பாருங்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் காலையில் பணி மாறும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். இரவுப் பணியில் இருந்தவர், பகல் பணிக்கு வந்தவரிடம் படுக்கை படுக்கையாக நடந்து பொறுப்பை ஒப்படைப்பார். யாருக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறியது, யாருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறது, மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் செருகும் வென்ஃப்ளான் குழாய் போட்ட இடத்தில் யாருடைய கை வீங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்காக யார் வெறும் வயிற்றில் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையெழுத்திட்ட பிறகே அவர் வீட்டுக்குக் கிளம்ப முடியும். அதன் பிறகு பகல் பணியில் இருப்பவர் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வெப்பநிலை பார்க்க வேண்டும். மருந்து கொடுக்க வேண்டும். கட்டு மாற்ற வேண்டும். எழ முடியாதவரின் மலஜலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது உடன் செல்ல வேண்டும். இவை அனைத்தையும் ஏட்டில் எழுத வேண்டும். இதற்கிடையில் பதற்றத்தில் கோபப்படும் உறவினருக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். தீபாவளி, பொங்கல் நாளிலும் இந்த வேலை நடக்கும். மாதத்தில் சில நாள்கள் நைட் டூட்டியும் வரும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் தெருவிலோ உறவிலோ இருக்கும் ஒரு செவிலியரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்தைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நைட் டூட்டி முடிந்து வந்தால் எப்போது தூங்குகிறார், கால்வலியை எப்படிச் சமாளிக்கிறார், முதன்முதலில் ஒரு நோயாளி இறந்தபோது என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறது என்பதற்காக மட்டும் இந்தப் படிப்பை ஒதுக்க வேண்டாம். பழகப் பழகப் பெரும்பாலானோருக்கு அது போய்விடும். முன்பின் தெரியாத ஒருவரின் உடலைத் தொட்டுத் துடைத்துவிட மனம் ஒப்பவே இல்லை என்றால்தான் நன்றாக யோசிக்க வேண்டும். வீட்டின் வற்புறுத்தலால் சேர்ந்த பிள்ளை வார்டுக்குள் ஒவ்வொரு நாளும் துன்பப்படும். அந்தத் துன்பம் நோயாளியையும் பாதிக்கும்.

எந்தப் படிப்பு

ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி இரண்டு ஆண்டுகள். பிளஸ் டூவில் கலைப் பிரிவு படித்தவர்களும் இதில் சேரலாம். துணைச் சுகாதார நிலையங்களில் தாய்சேய் நலம், தடுப்பூசி, குடும்ப நலம் ஆகியவற்றைக் கவனிக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியர் பணிக்கு வழி இது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது பொது அளவுகோல் என்பதால், ஊரோடு ஒட்டி வேலை செய்ய விரும்புவோருக்கு இது பொருத்தமானது.

ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம், மகப்பேறு பட்டயப்படிப்பு மூன்று ஆண்டுகள். பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40 சதவீத மதிப்பெண் பெற்றிருந்தால் எந்தப் பிரிவினரும் சேரலாம் என்பது செவிலியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆயினும் ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் பாடப்பிரிவு, பாலினம் ஆகியவற்றில் தனி நிபந்தனை வைத்திருக்கக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டை வரிவரியாகப் படியுங்கள். ஜி.என்.எம். முடித்தவர் பின்னர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும்; அறிவியல் பாடங்களில் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதமும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதமும் அகில இந்திய அளவிலான குறைந்தபட்சத் தகுதி; சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 2021-22 முதல் இது எட்டு செமஸ்டர்களாக நடக்கிறது. கடைசி செமஸ்டர் முழுவதும் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்.

அறிவியல் படித்து மதிப்பெண்ணும் இருந்தால் பி.எஸ்சி.யே சரியான தேர்வு. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் தேர்வைப் பட்டதாரி படிப்பு முடித்துப் பதிவு செய்ததுமே எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவர் 50 படுக்கைகளாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். மேற்படிப்புக்கும் ஆசிரியப் பணிக்கும் பட்டமே அடிப்படை. ஆயினும் நோயாளிகளே அதிகம் வராத மருத்துவமனையை வைத்துக்கொண்டு நடத்தும் கல்லூரியில் பெருங்கடன் வாங்கிப் படிக்கும் பி.எஸ்சி.யைவிட, பெரிய அரசு மருத்துவமனையோடு இணைந்த பயிற்சிப் பள்ளியில் படிக்கும் ஜி.என்.எம். மேலானது என்பது என் உறுதியான கருத்து. கை பழகியவருக்கு மேலே படிக்க வழி இருக்கிறது. கை பழகாமல் வாங்கிய பட்டத்தோடு வார்டில் நிற்பது மிகக் கடினம்.

ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம், ஓராண்டு என்று விளம்பரம் செய்து நர்சிங் அசிஸ்டென்ட் போன்ற பெயர்களில் நடத்தப்படும் சான்றிதழ் பயிற்சிகளை முடித்தவர் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. சீருடை ஒன்றுபோல இருப்பதால் பல பெற்றோர் ஏமாந்துவிடுகிறார்கள். முடித்தபின், செவிலியர்களைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சேர்க்கை

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கையை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை; நீட் தேவையில்லை. இதனால் பலர் நீட்டை அறவே மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங் சேரவும், பெண்களுக்கான ராணுவ நர்சிங் கல்லூரிகளில் சேரவும் நீட் மதிப்பெண் வேண்டும். எம்.பி.பி.எஸ். எண்ணமே இல்லாவிட்டாலும் இந்த இரண்டுக்காக நீட் எழுதிவைப்பது நல்லது. ராணுவக் கல்லூரியில் படிப்பவர் முடித்ததும் அதிகாரி நிலையில் பணியில் சேர்வார். பணிபுரிய வேண்டிய காலம் குறித்த ஒப்பந்தத்தை முதலிலேயே படித்துக்கொள்ள வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்கள் தனி நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கி, 1946இலேயே பட்டப்படிப்பையும் ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் இ-சேவை மையத்தில் வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. அதற்கான விண்ணப்பம் கல்லூரி வழியாகச் செல்வதால், சேர்ந்த முதல் மாதத்திலேயே அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கல்லூரியை எப்படிச் சோதிப்பது

நர்சிங் கல்லூரியின் தரம் அதன் கட்டடத்திலோ பேருந்திலோ இல்லை. அதோடு இணைந்த மருத்துவமனையின் படுக்கைகளில் இருக்கிறது. கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை மருத்துவமனை வேண்டும் என்பதும், அந்தப் படுக்கைகளில் முக்கால் பங்காவது நோயாளிகள் இருக்க வேண்டும் என்பதும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள். இதை நேரில் சரிபார்க்கலாம். வேலை நாள் ஒன்றில் காலை பத்து மணியளவில், முன்கூட்டிச் சொல்லாமல் அந்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புறநோயாளிகள் வரிசை இருக்கிறதா, வார்டில் ஆள்கள் இருக்கிறார்களா, பிரசவ வார்டு இயங்குகிறதா என்று பாருங்கள். வெளியே தேநீர்க் கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம், “இதுவரை எத்தனை பிரசவம் நேரில் பார்த்தீர்கள், குழந்தைகள் வார்டுக்கும் மனநல வார்டுக்கும் எங்கே அனுப்புகிறார்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில் இருக்கும் உண்மை எந்த விளக்கக் கையேட்டிலும் இருக்காது.

அடுத்தது அங்கீகாரம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியல் ஆகிய மூன்றிலும் கல்லூரியின் பெயர் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று அவற்றின் இணையதளங்களில் பாருங்கள். வேறு மாநிலக் கல்லூரிகளில் குறைந்த செலவில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்கள் தமிழகத்தின் சிறு ஊர்கள்வரை வருகிறார்கள். மத்தியப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தால் வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ பதிவு செய்யும்போது சிக்கல் வரும். 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதால், படிக்கும் காலத்திலேயே ஒழுங்குமுறை அமைப்பின் பெயரும் சில விதிகளும் மாறலாம். சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அதனால் கவலை இல்லை.

கட்டணம் கேட்கும்போது முதலாண்டுக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். விடுதி, சீருடை, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், வேறு மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்குச் செல்லும் போக்குவரத்து என்று நான்கு ஆண்டுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை நான்கு ஆண்டும் வைத்துக்கொள்வோம், இடையில் விலகினால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் சேரத் தயங்குங்கள். தொடக்கச் சம்பளத்தில் திருப்பிக் கட்ட முடியாத கடனை இந்தப் படிப்புக்காக வாங்கக் கூடாது.

படிக்கும் ஆண்டுகளில்

முதலாண்டில் பலரைத் திணற வைப்பது ஆங்கிலம். உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களில் வரும் சொற்களைத் தமிழ்வழியில் படித்தவர் மனப்பாடம் செய்ய முயன்று சோர்ந்துபோவார். தமிழில் பொருள் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலச் சொல்லை எழுதிப் பழகுவதே நிலைக்கும் வழி. வார்டு ஏட்டில் எழுதப்படும் குறிப்புகளை முதலாண்டிலேயே படித்துப் பழகினால் இரண்டாம் ஆண்டில் பயம் தெளிந்துவிடும்.

கணக்கை அலட்சியம் செய்ய வேண்டாம். 500 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். கையில் இருக்கும் ஐ.வி. செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. இதைப் படுக்கையருகே கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சரிசெய்ய வேண்டும். இதய நோயாளிக்கு இந்தச் சொட்டு இருமடங்கு வேகத்தில் இறங்கினால் மூச்சுத் திணறல் வரக்கூடும். பள்ளிக் கணக்கில் பின்தங்கியவர் இந்த ஒரு வகைக் கணக்கையாவது கனவிலும் தவறாமல் போடும் அளவுக்குப் பழக வேண்டும்.

பட்டம் பெற வகுப்பில் 80 சதவீத வருகை போதும். மருத்துவமனைப் பயிற்சியில் முழு வருகை வேண்டும், விட்ட நாள்களை ஈடுசெய்தே ஆக வேண்டும். செய்முறைகளைப் பதிவு செய்யும் லாக் புக்கில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வார்டுக்குச் செல்லத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள்; முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என்பதால் சேர்ந்த உடனே தொடங்குவது நல்லது. பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் திட்டு விழும் என்று பயந்து மறைக்காமல் அந்த நேரமே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

படித்து முடித்தபின்

தேர்ச்சி பெற்றதும் மாநிலக் கவுன்சிலில் செவிலியராகவும் மகப்பேறு செவிலியராகவும் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் எந்த முறையான வேலையும் இல்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

மாநில அரசுப் பணிக்கு, 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. முதலில் தொகுப்பூதியத்தில் நியமித்து, காலியிடம் வரும்போது பணிநிரந்தரம் செய்யும் முறையால் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. அதற்காகச் செவிலியர்கள் மீண்டும் மீண்டும் போராடியும் இருக்கிறார்கள். அரசு வேலை என்றதுமே நிரந்தரச் சம்பளம் என்று கணக்குப் போட வேண்டாம். மத்திய அரசில் நிலைமை வேறு. 2020 முதல் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் என்னும் பொதுத் தேர்வில் தேர்வானவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய்; படிகள் தனி. ஜிப்மர், இ.எஸ்.ஐ., ரயில்வே மருத்துவமனைகளும் ஆள் எடுக்கின்றன. வட மாநிலத்தில் சில ஆண்டுகள் இருக்கத் தயார் என்றால், இறுதியாண்டிலிருந்தே இதற்குப் படிக்கலாம். நார்செட்டில் 80 சதவீத இடங்கள் பெண்களுக்கு என்பதால் ஆண்கள் இன்னும் கடுமையாகத் தயாராக வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளில் வேலை எளிதாகக் கிடைக்கும்; சம்பளம்தான் பல இடங்களில் மனத்தை நோகடிக்கும். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்றும் 2016இல் பரிந்துரைத்தது. நடைமுறை அதிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. உயிர்காக்கும் வேலை செய்பவர்களுக்கு இது பெரும் அநீதி. எனவே முதல் வேலையைச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காமல், எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு, டயாலிசிஸ், அறுவை அரங்கு, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகியவற்றில் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரை எந்த ஊரிலும் தேடுவார்கள். நியமன ஆணையில் பணிநேரம், விடுப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அசல் சான்றிதழைப் பிணையாகக் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு அளிக்கும் செவிலியர்கள் பணிபுரிகிறார்கள். நலவாழ்வு மையங்களில் இடைநிலைச் சுகாதாரப் பணியாளராகவும் சேரலாம். கற்பிக்க விரும்புவோர், பி.எஸ்சி.க்குப் பின் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்சி. நர்சிங்கில் மருத்துவ-அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துப் படிக்கலாம். படுக்கையருகிலேயே இருக்க விரும்புவோருக்குப் புற்றுநோய், அவசர சிகிச்சை போன்ற துறைகளில் ஓராண்டுப் பட்டயங்களும், தீவிர சிகிச்சைக்கான இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் உள்ளன. எம்.எஸ்சி.யை அவசரமாகப் படித்துவிட்டு அனுபவமின்றிக் கற்பிக்கப் போவதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகள் வார்டில் நின்றுவிட்டுப் போவது மாணவர்களுக்கும் நன்மை.

வெளிநாடு என்றால்

வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்னும் சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்த்து, அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வில் தேற வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் அதற்கு இணையான தரம், கணினி வழித் தேர்வு, அங்கே சென்றபின் செய்முறைத் தேர்வு ஆகியவை வேண்டும். அண்மை ஆண்டுகளில் அங்கே வெளிநாட்டுச் செவிலியர் சேர்க்கை வெகுவாகக் குறைந்திருப்பதால் அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 என்னும் மேல் இடைநிலைத் தேர்ச்சி தேவை. அதற்கு ஓராண்டாவது ஒதுக்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வும் நீண்ட விசாக் காத்திருப்பும் உண்டு.

சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்கு 2015 முதல் மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அரசு அனுமதித்த நிறுவனங்கள் மூலமே அந்த நாடுகளுக்கு ஆளெடுப்பு நடக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. முதலில் அதன் அறிவிப்புகளைப் பாருங்கள். மற்ற நாடுகளுக்கு ஆள் எடுக்கும் பதிவுபெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரிடமும், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடமும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, கல்லூரியை விட்டு வரும்போதே பாடவாரியான பயிற்சி நேரங்கள் குறிப்பிடப்பட்ட டிரான்ஸ்கிரிப்ட்டை இரண்டு மூன்று பிரதிகள் முத்திரையோடு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழித்து அதற்காக அலையும்போது பழைய பதிவேடுகள் கிடைப்பது அரிது.